இல்லாத கம்பெனியைப் பூட்டிய பாவம்

வீடியோ கேம் விளையாடுவதில் நான் படு மோசம். சின்ன வயதில் டிவியில் செருகி விளையாடும் பெட்டி ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. அதற்குப் போடும் கேசட்டில் ஆயிரம் கேம் இருப்பதாக அட்டையில் எழுதியிருக்கும். எண்ணிப் பார்த்தால் ஆறு. அந்த ஆறில் ஒன்றில் வரும் முதல் பள்ளத்தைத் தாண்ட எனக்கு ஒன்றரை வருடம் ஆனது. தாண்டிய நொடியில் கரண்ட் போய்விட்டது. நான் தாண்டியதை வீட்டில் யாரும் இன்றுவரை நம்பவில்லை.

அதனால் விளையாடுவதை விட்டுவிட்டு, விளையாட்டுப் பெட்டிகளைக் கற்பனை செய்யத் தொடங்கினேன். கற்பனையில் பள்ளம் வந்தால் நானே மண் போட்டு மூடிவிடலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை.

நான் வேலை பார்ப்பது காரிமங்கலம் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில். தரப் பரிசோதனை. கேட்க கம்பீரமாக இருக்கும். சீசனில் காலை முதல் மாலை வரை மாங்கூழை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்ப வேண்டும், கருவியில் ஒரு சொட்டு விட்டு இனிப்பு எவ்வளவு என்று எழுத வேண்டும், அவ்வளவுதான். சீசன் முடிந்தால் வேலை பாதியாகிவிடும். மீதி நேரத்தில் மனிதர்கள் டீசல் ஆட்டோ ஓட்டுவார்கள், கோழி வளர்ப்பார்கள். நான் வரலாறு எழுதினேன். நடக்காத வரலாறு.

வீடியோ கேம் ஜப்பானிலிருந்து வராமல் தர்மபுரியிலிருந்து கிளம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இதுதான் நான் என்னையே கேட்டுக்கொண்ட கேள்வி. இதற்குப் பதில் எழுதுவதற்காகவே முகநூலில் ஒரு பக்கம் தொடங்கினேன். ஐம்பத்து சொச்சம் பேர் தொடர்ந்தார்கள். அதில் பதினொரு பேர், எங்கள் ஊரில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் என் நண்பன். ரிப்பேருக்கு வந்த போன்களிலிருந்தெல்லாம் எனக்கு லைக் போட்டுவிடுவான். ஊரே அவனை பாய் என்று கூப்பிடுவதால் நானும் அப்படியே கூப்பிடுகிறேன்.

என் முதல் பெட்டியின் பெயர் தகடூர்-8. தகடூர் என்பது தர்மபுரியின் பழைய பெயர். எட்டு என்பது எட்டு பிட். பிட் என்றால் எனக்குப் பரீட்சைக்குக் கொண்டுபோகிற பிட்தான் தெரியும், ஆனாலும் போட்டேன். பெட்டி பார்ப்பதற்கு அந்தக் காலத்து ஸ்டெபிலைசர் மாதிரி இருக்கும்: பச்சைப் பெயின்ட் அடித்த இரும்பு, முன்னால் ஒரு கண்ணாடி, அதற்குள் ஆடுகிற முள். வோல்டேஜ் இறங்கினால் முள் இறங்கும். முள் இறங்கினால் கதாநாயகனும் மெதுவாக நடப்பான். சாயங்கால நேரத்தில் வில்லனும் மெதுவாகத்தான் வருவான் என்பதால் ஆட்டம் நியாயமாகவே நடக்கும். பாய் கடையில் ஒரு பழைய ஸ்டெபிலைசரை வாங்கி, பெயின்ட் அடித்து, படம் எடுத்துப் போட்டேன்.

பெட்டியோடு மூன்று கேம்கள் வெளிவந்தன. ‘மொரப்பூர் ஸ்டேஷன்’: ரயில் இரண்டு நிமிடம்தான் நிற்கும். அதற்குள் அம்மா, அத்தை, மூன்று பிள்ளைகள், ஒரு பலாப்பழம் எல்லாவற்றையும் முன்பதிவில்லாத பெட்டியில் ஏற்ற வேண்டும். பலாப்பழத்தை ஏற்றிவிட்டு அத்தையை விட்டுவிட்டால் ஆட்டத்தில் தோல்வி கிடையாது, ஆனால் அடுத்த மூன்று கட்டத்துக்கு அத்தை பேசமாட்டாள். ‘தொப்பூர் கணவாய்’: பாரம் ஏற்றிய லாரி இறக்கத்தில் போகிறது. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் போடலாம் என்று திரையில் ஒரு பொத்தான் மினுக்கிக்கொண்டே இருக்கும். அதைத் தொடாமல் இருக்க வேண்டும். வேறு ஒன்றும் செய்ய வேண்டாம். இந்த ஆட்டத்தை இதுவரை யாரும் ஜெயித்ததில்லை என்று எழுதியிருந்தேன்.

எனக்கே பிடித்தது மூன்றாவது. ‘சந்தை’. மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள் இல்லையா? அதேதான். இந்த கேமுக்கு ஜாய்ஸ்டிக் இரண்டும் ஒரே கம்பியில் இருக்கும். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து, பெட்டியோடு இலவசமாக வரும் துண்டால் கைகளை மூடிக்கொண்டு, பட்டனை அழுத்த வேண்டும். டிவியில் ஒரு மாடு மட்டும் நிற்கும். அது அசைபோட்டுக்கொண்டிருக்கும். கிராபிக்ஸ் அவ்வளவுதான்.

இப்படிப் பெட்டிக்குப் பெட்டி எழுதிக்கொண்டே போனதில், கரண்ட் இல்லாத ஊர்களுக்கென்று சைக்கிள் பெடல் வைத்த தகடூர்-16 வரை வந்துவிட்டேன். விற்கிற கம்பெனி ஒன்று வேண்டுமே? எங்கள் அதியமான்கோட்டையிலேயே, ஹைவே ஓரத்திலேயே வைத்தேன். கம்பெனி என்றால் முதலாளி வேண்டுமே? அங்கேதான் சனி என் தோளில் கைபோட்டது. என் அப்பாவின் போட்டோ ஒன்று இருந்தது. எங்கள் பட்டுப்புழு ஷெட்டில் ஒரு அறுவடை முடிந்து, மருந்தடித்து, கதவைப் பூட்டிவிட்டு, சாவியோடு திரும்பிப் பார்க்கிறார். முகம் இருண்டு கிடக்கும். அன்றைக்கு அவருக்குப் பல்வலி. அந்தப் படத்தைப் போட்டு அடியில் இப்படி எழுதினேன்: “வெளிநாட்டுப் பெட்டிகள் சந்தைக்கு வந்த பிறகு, ஒரு நாள் காலை நிறுவனர் தன் கையாலேயே ஆலையைப் பூட்டினார். தொழிலாளர்கள் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.”

எழுதி முடித்துவிட்டு நானே அதை மூன்று முறை படித்தேன். கற்பனை என்று எங்கேயும் போடவில்லை. போட்டால் ருசி போய்விடும் என்று நினைத்தேன்.

அந்த மாதத்தில்தான் மொரப்பூர் பக்கம் ஒரு கிராமத்தில் பெண் பார்க்கப் போனோம். எனக்கு வயது முப்பத்து நான்கு. அதற்கு முன் ஏழு வீட்டில் பஜ்ஜி தின்றிருந்தேன். ஏழு வீட்டிலும் பஜ்ஜியைத் தவிர எதுவும் மனதில் நிற்கவில்லை. எட்டாவது வீட்டில் அந்தப் பெண், தர்மபுரியில் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்ப்பவள், தனியாகப் பேசக் கொடுத்த பத்து நிமிடத்தில் முதல் கேள்வியாக, “நாள் பூரா மாங்கூழ் சாப்புடறீங்களே, சுகர் பாத்திருக்கீங்களா?” என்றாள்.

“முழுங்க மாட்டேங்க. துப்பிடுவேன்.”

ஒரு பெண்ணிடம் நான் பேசிய முதல் இனிய வார்த்தை ‘துப்பிடுவேன்’. அவள் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கவில்லை, நன்றாகவே சிரித்தாள். வீட்டுக்கு வந்து மூன்று நாள் நானும் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தேன். இந்தப் பெண்தான், வேறு யாரும் வேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னேன். முப்பத்து நான்கு வருடத்தில் நான் ஒரு விஷயத்தில் உறுதியாக இருந்தது அப்போதுதான்.

ஐந்தாம் நாள் தரகர் போன் செய்தார்.

“தம்பி, அவங்க வேணாம்னுட்டாங்க.”

“ஏங்க? மாங்கூழா?”

“அது இல்ல தம்பி. ஒங்க கம்பெனி விஷயமாம். வேலக்காரங்க வயித்தெரிச்சல கொட்டிக்கிட்ட வூட்ல பொண்ணு குடுக்கறதில்லன்னு பொண்ணோட பெரியப்பா கண்டிசனா சொல்லிட்டாரு. நீங்களாச்சும் ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லியிருக்கலாம். இவ்ளோ பெரிய ஃபேக்டரி வச்சிருந்தத மறைச்சுட்டீங்களே!”

எந்த ஃபேக்டரி என்று கேட்க வாயெடுத்தபோதே எனக்கு விளங்கிவிட்டது.

எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேசுமுன் ஊருக்கு ஒரு ஆள் வந்து, டீக்கடையில் உட்கார்ந்து விசாரித்துவிட்டுப் போவார். அந்தப் பெண்ணுக்கு அப்பா இல்லை, பெரியப்பாதான் எல்லாம். ரயில்வேயில் தண்டவாளத்தில் விரிசல் பார்த்து ஓய்வு பெற்றவர். விரிசல் பார்க்கிறவர் கையில் இப்போது ஸ்மார்ட்போனும் இருக்கிறது. வருமுன் எங்கள் ஊர்ப் பெயரைப் போனில் தட்டியிருக்கிறார். என் வரலாறு வந்து விழுந்திருக்கிறது, பெண் பார்க்க வந்த என் அப்பாவின் முகத்தோடு.

நேராக டீக்கடைக்குப் போனேன். பாயும் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்தான். டீ மாஸ்டர் என்னைப் பார்த்ததுமே கையைத் துடைத்துக்கொண்டு தயாரானார்.

“ஒரு பெரியவரு வந்தாருப்பா. ‘இங்க டிவி கேம் கம்பெனி ஒண்ணு இருந்துச்சாமே’ன்னு கேட்டாரு.”

“நீங்க என்னண்ணா சொன்னீங்க?”

“இருந்துச்சுங்கன்னேன்.”

“எங்கண்ணா இருந்துச்சு?”

“அட, வெளியூர்க்காரரு. வெய்யில்ல வந்திருக்காரு. தெரியாதுன்னு சொல்லி அனுப்பினா நம்ம ஊரப் பத்தி என்ன நெனப்பாரு?”

இதுதான் எங்கள் ஊர். வழி கேட்டாலும் சரி, வரலாறு கேட்டாலும் சரி, தெரியாது என்ற சொல் எங்கள் வாயில் வராது. அது வந்தவரை அவமதிப்பது மாதிரி. இல்லாத தெருவுக்கே இரண்டு முறை இடப்பக்கம் திரும்பச் சொல்கிறவர்கள் நாங்கள்.

“சரி, இருந்துச்சுன்னு சொன்னீங்க. அதோட விட்டீங்களா?”

“எங்க மாமனும் அங்கதான் வேல பாத்தாருன்னு சொன்னேன். பேச்சு வந்துச்சு, சொன்னேன். அப்பறம் பஞ்சர் கடைக்காரரு, ‘நானும் மூணு மாசம் ஸ்க்ரூ முடுக்கினேன்’னாரு. பேப்பர் படிச்சிகிட்டிருந்தவரு, ‘திடீர்னு ஒரு நாள் காலைல பூட்டிட்டாங்க, நாங்க எல்லாம் கம்பெனி கேட்டு முன்னாடி நின்னோம்’னு சொல்லி கண்ண தொடச்சிகிட்டாரு.”

“அண்ணா, அப்பிடி ஒரு கம்பெனியே கெடையாதுண்ணா. நான் வெளாட்டுக்கு எழுதினது.”

டீ மாஸ்டர் என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார்.

“அதெப்பிடிப்பா இல்லாம போவும்? எங்க மாமன் வேல பாத்தாரே.”

பாய் கண்ணாடி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து சிரித்தான். சிரித்து முடித்துவிட்டுச் சொன்னான்: “ரெண்டே வழிதான்டா மாப்ள. அப்பன் பாவின்னு ஒத்துக்க. இல்லன்னா புள்ள லூசுன்னு ஒத்துக்க.”

யோசிக்க ஒன்றும் இல்லை. எனக்கு இரண்டாவதற்கு ஆதாரம் நிறைய இருந்தது.

அப்பாவிடம் சொன்னபோது அவர் மல்பெரி இலை நறுக்கிக்கொண்டிருந்தார். முழுக்கக் கேட்டார். அறைவார் என்று ஒரு அடி தள்ளியே நின்றேன். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, “எத்தன பேரு வேல செஞ்சாங்க?” என்றார். இருநூறு பேர் என்று எழுதியிருந்ததைச் சொன்னேன். “இருநூறா!” என்றார். பிறகு என் போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். “பல்லுவலின்னு தெரியல. நெசமாவே மொதலாளி மாதிரிதான் இருக்கேன்,” என்றார். அன்றிலிருந்து கொஞ்சம் நிமிர்ந்தே நடந்தார்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் பஸ் பிடித்து மொரப்பூர் போனோம். பச்சைப் பெயின்ட் அடித்த ஸ்டெபிலைசரை உரச்சாக்கில் போட்டுத் தூக்கிக்கொண்டேன். பஸ்ஸில் அதை மடியில் வைத்திருந்ததில், பக்கத்தில் இருந்தவர் எட்டிப் பார்த்து, “இத இன்னுமா யூஸ் பண்றீங்க?” என்றார். அது வழக்கின் சாட்சிப் பொருள் என்று நான் சொல்லவில்லை.

அவர்கள் வீட்டுக் கூடத்தில் பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண் சமையலறைக் கதவோரம் நின்றாள். அவள் அம்மா தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார். நான் சாக்கை அவிழ்த்து ஸ்டெபிலைசரை எடுத்து நடுக்கூடத்தில் வைத்தேன்.

“ஐயா, இதுதாங்க அந்தப் பெட்டி. இதுக்குள்ள ஒண்ணும் இல்லீங்க. கம்பெனியும் இல்லீங்க. அந்த ஷெட்டு எங்க பட்டுப்பூச்சி ஷெட்டு. எங்கப்பா யாரையும் வேலைய விட்டு தூக்கல. புழுவத்தான் கூட்டோட தூக்கி மார்க்கெட்டுக்கு போட்டாரு.”

பெரியப்பா பெட்டியைத் தட்டிப் பார்த்தார், தண்டவாளத்தைத் தட்டுகிற மாதிரி, காதைப் பக்கத்தில் வைத்து.

“கம்பெனி இல்லன்னா, அங்க வேல பாத்தேன்னு மூணு பேரு எப்பிடி சொன்னாங்க?”

“எங்க ஊர்ல கேட்டா சொல்லிடுவாங்கய்யா. நீங்க ராக்கெட்டு கம்பெனி இருந்துச்சான்னு கேட்டிருந்தாலும் வேல பாத்திருப்பாங்க.”

“நீ எதுக்கு இத எழுதின?”

இதற்கென்றே பஸ்ஸில் வரும்போது நான்கு பதில் தயார் செய்திருந்தேன். நான்கும் மொரப்பூர் பஸ் ஸ்டாண்டிலேயே இறங்கிப் போய்விட்டன. “சும்மாங்க,” என்றேன். என் குரல் எனக்கே கேவலமாக இருந்தது.

“சும்மா எழுதினதுல அப்பன் பேரு நாறிடுச்சேப்பா,” என்றார் பெரியப்பா. அதில் கோபம்கூட இல்லை. முடிவு சொல்கிற குரல். நான் பெட்டியைத் திரும்பச் சாக்குக்குள் போடக் குனிந்தேன்.

அப்போது அதுவரை வாயே திறக்காத அப்பா பேசினார். எனக்குப் பரிந்து பேசப் போகிறார் என்று நிமிர்ந்தேன். அவர் என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

“நானும் நாலு நாளா கேக்கணும்னு இருக்கேன். நான் மொதலாளியா இருந்திருந்தா மூடியிருக்க மாட்டேன்டா. இருநூறு பேர வெளிய நிக்க வச்சிட்டு சாவிய எடுத்துகிட்டு போற ஆளா நானு? மழ இல்லாத வருசத்துலயே ஒரு புழுவ பட்டினி போட்டதில்ல. எப்பிடிடா அப்பிடி எழுதின?”

அவர் கண் சிவந்திருந்தது. இல்லாத கம்பெனியைப் பூட்டியதற்காக என் அப்பா உண்மையிலேயே வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார். நான்கு நாள் நிமிர்ந்து நடந்த மனிதருக்குள் இது ஓடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை. எல்லாவற்றையும் எழுதிய எனக்கு, அவரைப் பற்றி எழுதும்போது அவரைக் கேட்கவேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை.

“அதானே,” என்றது கதவோரக் குரல். அந்தப் பெண் இரண்டடி முன்னால் வந்திருந்தாள். “நான் எல்லாத்தையும் படிச்சேன். சந்தை கேம் நல்லா இருந்துச்சு. நீங்களே எழுதற கதைதான? ஓட வச்சிருக்கலாம்ல? ஏன் மூடுனீங்க?”

அவள் முன்னால் பொய் சொல்ல வரவில்லை. “நான் ஆரம்பிச்சது எதுவும் ஓடினதில்லீங்க. ஓடுச்சுன்னு எழுதினா எனக்கே நம்பிக்க வராது. அதான் மூடிட்டேன்.”

“அப்ப தொறங்க.”

“என்னங்க?”

“கம்பெனிய தொறங்க. இப்பவே. உங்கப்பா கையால.”

பெரியப்பா அவளை அதட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் என் பக்கம் திரும்பி, “தொறந்தா என்ன பெட்டி வுடுவ?” என்றார். கேலியா, விசாரணையா என்று அவர் முகத்தை வைத்துச் சொல்ல முடியாது. நான் தண்ணீர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, நின்றபடியே, உளற ஆரம்பித்தேன். தகடூர்-32. அப்பா கதவைத் திறக்கிறார். இருநூறு பேரும் உள்ளே வருகிறார்கள். புதுப் பெட்டியில் முதல் கேம் தண்டவாளம்: காலையில் சுத்தியலோடு நடந்து, தட்டித் தட்டி, சத்தத்தை வைத்தே விரிசலைக் கண்டுபிடிக்க வேண்டும்.

“எந்த செக்சன்?” என்றார் பெரியப்பா உடனே.

“மொரப்பூர்லருந்து…”

“அங்க ஒரு வளைவு இருக்குது. அத வச்சியா? வளைவுல வெளிப்பக்கத்து தண்டவாளம்தான் தேயும். அது தெரியாம கேம் வுட்டீன்னா ஒருத்தனும் மதிக்க மாட்டான்.”

“வெய்யில் காலத்துல கம்பி நீளுமாமே? அதையும் வக்கணும்,” என்றார் அப்பா. முதலாளியாயிற்றே.

“கண்டுபிடிக்கலன்னா?” என்றாள் அவள்.

“ரயில் வராதுங்க. நின்னுடும். யாருக்கும் ஒண்ணும் ஆவாது.”

“அப்பிடின்னா யாரு பயப்புடுவா? பயம் வேணும்யா கேம்ல,” என்றார் பெரியப்பா. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, தரையில் விரலால் வளைவை வரைந்து காட்டத் தொடங்கினார். எவ்வளவு தூரத்தில் சிவப்புக் கொடி நட வேண்டும், ரயில் டிரைவரை எச்சரிக்கத் தண்டவாளத்தில் எங்கே பட்டாசு வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனார். நான் எதிர்த்துப் பேசினேன். அப்பா இடையில் புகுந்து, தொழிலாளிக்கு மதியச் சாப்பாட்டு இடைவேளை விட வேண்டும் என்றார். ஆட்டத்தில் இடைவேளை எதற்கு என்று பெரியப்பா கேட்டார். இது என் கம்பெனி, நான் விடுவேன் என்றார் அப்பா.

இந்த நேரத்தில் அவள் அம்மா வந்து, “எல போட்டாச்சு. எல்லாரும் சாப்புட வாங்க,” என்றார்.

“இருங்கம்மா, இன்னும் கொடி நடல,” என்றேன் நான்.

அப்பா என் தொடையில் கிள்ளினார். எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேசி முடிகிற வரைக்கும் ஒரு வீட்டார் இன்னொரு வீட்டில் கை நனைப்பதில்லை. தண்ணீர் தரலாம், காபி தரலாம், பஜ்ஜிகூடத் தரலாம். இலை போட்டுவிட்டால் அதற்கு அர்த்தம் வேறு. முப்பத்து நான்கு வயதில் இது தெரியாமல் கொடி நட்டுக்கொண்டிருந்த ஆள் நான் ஒருவன்தான். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனாள். பெரியப்பா எழுந்து, பெட்டியை ஓரமாக நகர்த்தி வைத்தார். யார் காலிலும் இடறாத மாதிரி.

“சாப்ட்டுட்டு பேசுவம் மாப்ள,” என்றார். “அந்த வளைவ மட்டும் நீ சொல்ற மாதிரி வுட முடியாது.”